சாமி பெயரை எடுத்தால் மட்டும் போதுமா? மதக் கதை மிகுபுனைவாக மாறும் விதம்

"லூயிஸின் நார்னியா சிறுவர் கதையெல்லாம் கிறிஸ்தவப் பிரசாரம்தானே?" என்று ஒருவர் கேட்பார். "டோல்கியன் நாவலில் கடவுளே வருவதில்லை, அதில் எங்கே மதம்?" என்பார் இன்னொருவர். எழுத ஆசைப்படும் இளைஞர்களில் பலர், வேதாகமக் கதை ஒன்றை எடுத்துப் பெயர்களை மாற்றி, பறக்கும் பிராணி இரண்டைச் சேர்த்துவிட்டால் ஃபேன்டஸி தயார் என்று நம்புகிறார்கள். மூவரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒரு மதக் கதையை, அந்த மதத்தைச் சேராதவரும் உருகிப் படிக்கும்படி மாற்றி எழுதும்போது உண்மையில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

அதைப் படிப்படியாகப் பார்ப்போம். இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. பேசப்போகும் நாவல்களைப் படித்திருக்கவும் வேண்டியதில்லை, ஆனால் அவற்றின் முடிவுகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

## எதை எதுவாக மாற்றுகிறோம்?

மதப் புனைவு என்று இங்கே சொல்வது, ஒரே நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளும் வாசகருக்காக எழுதப்படும் கற்பனைக் கதையை. வேத நூல்கள் இதில் சேராது. ஒரு ஊழியக்காரரின் மனமாற்றத்தைச் சொல்லும் நாவல், ஓர் அடியாரின் வாழ்வை வைத்துப் பின்னிய தொடர்கதை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறுகதை எல்லாம் இந்த வகைதான். கடவுள் யார், பாவம் எது, மீட்பு எது என்பதில் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஏற்கெனவே உடன்பாடு இருக்கிறது.

மிகுபுனைவு, அதாவது ஃபேன்டஸி, நம் உலகின் விதிகளுக்குக் கட்டுப்படாத ஓர் உலகத்தில் நடக்கும் கதை. நம் விதிகள் அங்கே செல்லாது என்பதால் விதியே கிடையாது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அங்கே வேறு விதிகள் உண்டு. அவற்றை வகுத்த ஆசிரியரே அவற்றுக்குக் கட்டுப்பட்டவர். ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கியன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையை விரித்து எழுதி 1947இல் கட்டுரையாக வெளியிட்டார். பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், அந்தச் சூரியன் இயல்பாகத் தோன்றும்படி ஓர் உலகத்தைக் கட்டுவதில்தான் உழைப்பும் சிந்தனையும் இருக்கிறது என்பது அதில் அவர் வாதம். அப்படிக் கட்டிய உலகத்தை அவர் இரண்டாம் உலகம் என்றார். அதற்குள் இருக்கும் வரை வாசகர் அதை நம்புவார். நம்பிக்கை அறுந்த கணத்தில் வெளியே வந்து விழுந்துவிடுவார்.

## வெளியே இருந்து வரும் சுவை

பெருமாள் கோயிலில் சேவித்துவிட்டு வரும்போது தொன்னையில் புளியோதரை தருகிறார்கள். அதில் உப்பு ஒரு கல் குறைந்திருந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிறோம். அந்தச் சுவையில் பாதி சந்நிதியிலிருந்து வருகிறது, வரிசையில் நின்ற நேரத்திலிருந்து வருகிறது, சின்ன வயதிலிருந்து கூடவே வந்த நினைவிலிருந்து வருகிறது. அதே புளியோதரையை ஒரு மெஸ்ஸில் இலையில் வைத்தால், பெருமாளையே அறியாத ஒருவர் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். அவருக்குப் புளிக்காய்ச்சல் சரியாக இருக்க வேண்டும், நல்லெண்ணெய் மணக்க வேண்டும், கடலை மொறுமொறுவென்று இருக்க வேண்டும். வெளியே இருந்து வந்த சுவை முழுவதையும் இப்போது உள்ளேயே போட்டாக வேண்டும்.

மதப் புனைவு மிகுபுனைவாகும்போது நடப்பது இதுதான். நம்பிக்கையுள்ள வாசகர் புத்தகத்தைத் திறக்கும்போதே இரண்டு பொருள்களைக் கையோடு கொண்டுவருகிறார். ஒன்று முன்னறிவு: கதையில் சிலுவை வந்தால் அது என்ன என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றது முன்னன்பு: இயேசு என்ற பெயரைப் படித்தவுடன் அவர் மனம் இளகிவிடுகிறது, ஆசிரியர் ஒரு வரிகூட உழைக்காமலே. மிகுபுனைவின் வாசகரிடம் இந்த இரண்டும் இல்லை. கதையின் நாயகன் அவருக்கு முன்பின் தெரியாதவன். அவனுக்காக அழ வேண்டும் என்றால், அழுவதற்கான காரணத்தை அந்தப் பக்கங்களே தர வேண்டும்.

மதப் புனைவு எழுதிப் பழகியவர்களுக்கு இது கடினமாக இருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. இத்தனை நாள் அவர்கள் எழுதிய கதைகளில் பாதிப் பாரத்தை வாசகர்களே சுமந்தார்கள். அது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், மாற்றி எழுதுவது என்பது வாசகரிடமிருந்து வந்துகொண்டிருந்த அறிவையும் அன்பையும் கதையின் உள்ளே உருவாக்குவது. பெயர் மாற்றம் அதில் கடைசி வேலை, மிகச் சின்ன வேலை.

## உருவகக் கதை: பக்கத்து வீடு, ஆனால் வேறு வீடு

மிகுபுனைவோடு எல்லாரும் போட்டுக் குழப்பும் ஒரு வடிவம் உருவகக் கதை. இதில் ஒவ்வொரு பாத்திரமும் இடமும் ஒரு கருத்துக்கு நேராக நிற்கும். ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' என்ற பயணக் கதைதான் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. அதன் நாயகன் பெயரே கிறிஸ்தியான். முதுகில் இருக்கும் மூட்டை அவன் பாவம். அவனைப் பிடித்து அடைத்துவைக்கும் அரக்கனின் பெயர் அவநம்பிக்கை, அவன் கோட்டையின் பெயர் சந்தேகம், அந்தக் கோட்டைப் பூட்டைத் திறக்கும் சாவியின் பெயர் வாக்குத்தத்தம். விடைத்தாளும் வினாத்தாளோடு சேர்ந்தே வருகிறது.

இந்தக் கதைக்கும் தமிழுக்கும் நெருங்கிய உறவு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, இதைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். கம்பனில் ஊறிய விருத்தங்களில் பனியனின் பயணி தமிழ் நடை போட்டான். கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள், அது தகுந்த பட்டம்தான். தமிழ்க் கவிதையை நேசிக்கும் எவரும், எந்த மதத்தவரானாலும், அவர் பாடல்களைச் சொல்லி மகிழலாம்.

ஆனால் அது மிகுபுனைவு ஆகவில்லை, ஆகவும் நினைக்கவில்லை. மொழி மாறியது, யாப்பு மாறியது, வாசகரோடு இருந்த உடன்பாடு மாறவில்லை. இது இரட்சிப்பின் வழி, நீயும் இதில் நட என்றுதான் நூல் அழைக்கிறது. அரபு நாட்டுப் பாலையில் தமிழ் நிலத்தின் வளத்தைப் பாடிய உமறுப்புலவரின் சீறாப்புராணமும், சூசையப்பரை வளன் ஆக்கிய வீரமாமுனிவரின் தேம்பாவணியும் இந்த வரிசையில் வருபவை. புதிய மண்ணில் ஒரு நம்பிக்கையை ஊன்றும் கலை அது. நாம் பேசிக்கொண்டிருப்பது வேறு கலை.

டோல்கியனுக்கு உருவகக் கதை பிடிக்காது. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற தன் பெருநாவலின் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அதை ஒளிக்காமல் சொன்னார். கதையில் படித்ததைத் தன் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பது வாசகரின் சுதந்திரம், உருவகக் கதையிலோ ஆசிரியர் வேண்டுமென்றே வாசகரை ஆள்கிறார் என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். பொருத்திப் பார்த்தல் என்ற அந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரந்த வாசகருக்கு எழுதுகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள கருத்து வேறு இல்லை என்பேன்.

## ஒருவேளை அப்படி ஓர் உலகம் இருந்தால்?

நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ் டோல்கியனின் நண்பர், இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தியவர்கள். நாத்திகராக இருந்த லூயிஸ் 1931 செப்டம்பரில் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியதற்கு, டோல்கியனும் இன்னொரு நண்பரான ஹ்யூகோ டைசனும் மாக்டலன் கல்லூரியின் நடைபாதையில் அவரோடு நள்ளிரவு தாண்டிப் பேசிய பேச்சு ஒரு முக்கியக் காரணம். பேச்சின் மையமே தொன்மக் கதைகள்தான். சாகும் கடவுள், மீண்டெழும் கடவுள் என்று பிற நாட்டுக் கதைகளில் படித்தால் நெஞ்சு நெகிழ்கிறதே, நற்செய்தியில் படித்தால் மட்டும் ஏன் நெகிழவில்லை என்ற முடிச்சு அது.

இந்த முடிச்சுக்கு லூயிஸ் பின்னாளில் கண்ட விடை நம் தலைப்புக்கு நேரடியாகப் பயன்படும். 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில் தன் சிறுவயதை நினைக்கிறார். கடவுளைப் பற்றியும் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியும் இப்படித்தான் உணர வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதாலேயே உணர முடியாமல் போயிற்று என்கிறார். உணர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் உணர்வை உறையவைத்துவிடுகிறது. அதே பொருளை ஞாயிறு பள்ளியின் வாசனை இல்லாத ஒரு கற்பனை உலகத்தில் வைத்தால், வாசலில் காவல் காக்கும் அந்தத் தயக்கங்களைத் தாண்டிப் போய்விடலாமே என்று நினைத்தார்.

ஆனால் அவர் கருத்திலிருந்து தொடங்கவில்லை. குடை பிடித்துப் பொட்டலங்களோடு பனியில் நடக்கும் ஓர் ஆட்டுக்கால் மனிதன், பனிச்சறுக்கு வண்டியில் ஒரு ராணி, கம்பீரமான ஒரு சிங்கம் என்று மனதில் எழுந்த படங்களிலிருந்துதான் நார்னியா என்ற கற்பனை உலகம் பிறந்தது. தொடக்கத்தில் அவற்றில் கிறிஸ்தவம் எதுவும் இல்லை, அது பிறகு தானாக வந்து சேர்ந்தது என்று அதே கட்டுரையில் சொல்கிறார். 1950 முதல் 1956 வரை ஏழு நூல்கள் வந்தன.

அஸ்லான் என்ற அந்தச் சிங்கம் கிறிஸ்துவின் உருவகம் என்று சொன்னால் லூயிஸ் மறுப்பார். பனியனின் அரக்கன் அவநம்பிக்கைக்கு நிற்பதுபோல அஸ்லான் எதற்கும் நிற்கவில்லை. நார்னியா போன்ற ஓர் உலகம் நிஜமாகவே இருந்து, அதையும் மீட்கக் கடவுளின் மகன் இறங்கி வந்திருந்தால் எப்படி வந்திருப்பார் என்ற கேள்விக்குக் கற்பனை சொன்ன பதில் அது என்று 1958இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். இதை நாம் ஊகக் கதை எனலாம். உருவகக் கதை, இது அதைக் குறிக்கிறது என்று சொல்லும். ஊகக் கதை, அங்கே இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கும்.

இதைக் கல்மேசைக் காட்சியில் கிட்டே போய்ப் பார்க்கலாம். எட்மண்ட் என்ற சிறுவன் தன் அண்ணனையும் சகோதரிகளையும் சூனியக்காரிக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். துரோகி எவனும் எனக்குச் சொந்தம், அது இந்த உலகத்தின் ஆதி விதி என்கிறாள் அவள். அஸ்லானும் அதை மறுப்பதில்லை. இங்கே கவனியுங்கள், பாவத்தின் சம்பளம் மரணம் என்று வாசகருக்கு முன்பே தெரிந்திருக்கும் என லூயிஸ் நம்பி இருந்துவிடவில்லை. அந்த உலகத்துக்கென்று ஒரு சட்டத்தை எல்லார் முன்னிலையிலும் சொல்லவைக்கிறார். அன்றிரவு அஸ்லான் தனியாக நடக்கிறான். பின்தொடரும் சூசனிடமும் லூசியிடமும், என் பிடரியில் கை வையுங்கள், நீங்கள் கூட இருப்பது எனக்குத் தெரியட்டும் என்கிறான். பிறகு அவனைக் கட்டி, பிடரியை மழித்து, கேலி செய்து, கல்மேசை மேல் கிடத்திக் கல்கத்தியால் கொல்கிறார்கள். விடியலில் சுண்டெலிகள் வந்து கயிறுகளைக் கடித்து அறுக்கின்றன. மேசை இரண்டாகப் பிளக்கிறது. குற்றமற்றவன் துரோகிக்குப் பதிலாகத் தானே முன்வந்து மாண்டால் மரணமே பின்னோக்கித் திரும்பும் என்ற இன்னும் பழைய விதி ஒன்று இருந்தது என்று உயிர்த்தெழுந்த அஸ்லான் சொல்கிறான்.

கைதாகுமுன் இயேசு வேதனையோடு செபித்த கெத்செமனே தோட்டம் தெரிந்தவருக்கு அந்த இரவு நடையில் எல்லாம் புரிந்துவிடும். தெரியாத பிள்ளைக்கு? அதற்குப் பிடரி மயிரின் கதகதப்பு இருக்கிறது, கயிற்றைக் கடிக்கும் எலிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை அழுவதற்கு அவை போதும். இரண்டாவது விதி நடந்து முடிந்த பிறகே நமக்குச் சொல்லப்படுவது கட்டுமானத்தில் ஒரு பலவீனம் என்றுதான் எனக்குப் படுகிறது. முன்பே அதற்கு ஒரு விதை போட்டிருக்கலாம். அந்தப் பலவீனத்தை மறக்கச் செய்வது பிடரியில் வைத்த அந்தக் கைகள்தான்.

இதுவரை பார்த்தது: உருவகக் கதையில் கருத்துக்கு உடை தைக்கிறார்கள். ஊகக் கதையில் ஓர் உலகத்துக்குச் சட்டம் வகுத்து, அந்தச் சட்டத்துக்குள் பழைய கேள்வியை மறுபடி கேட்கிறார்கள்.

## கடவுள் பெயரே வராத கத்தோலிக்க நாவல்

டோல்கியன் இன்னும் ஆழமாகப் போனார். சொல்லப்போனால் நார்னியா அவர் ரசனைக்கு ஒத்துவரவே இல்லை, நண்பர் எழுதியதாக இருந்தும். அவர் வழி வேறு. 1953இல் இயேசுசபையைச் சேர்ந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தன் நாவல் அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பு என்கிறார். முதலில் தன்னை அறியாமல் அப்படி அமைந்தது, திருத்தும்போது அறிந்தே அமைத்தேன் என்கிறார். அடுத்து அவர் சொல்வதுதான் பலரைத் திகைக்கவைக்கும். அதனால்தான் அந்த உலகத்தில் மதம், வழிபாடு, சடங்கு என்று தோன்றும் ஏறக்குறைய எல்லாவற்றையும் சேர்க்காமல் விட்டேன் அல்லது வெட்டினேன், சமயம் கதைக்குள்ளேயே கரைந்துவிட்டது என்கிறார்.

எப்படிக் கரைந்தது? கதையின் உச்சத்தைப் பாருங்கள். தீமையின் மோதிரத்தை எரிமலையின் நெருப்பில் எறிந்து அழிக்க ஃப்ரோடோ உயிரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்கிறான். விளிம்பில் நிற்கிறான். அந்தக் கணத்தில் அவனால் முடியவில்லை. மோதிரம் எனக்கே என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். நாயகன் தோற்றுவிட்டான். அப்போது, மோதிரத்தை முன்பு வைத்திருந்து இழந்த கோல்லம் என்ற பரிதாபப் பிறவி பாய்ந்து, அவன் விரலைக் கடித்துத் துண்டித்து, மோதிரம் கிடைத்த களிப்பில் கால் தவறி நெருப்பில் விழுகிறான். உலகம் பிழைக்கிறது.

மதப் புனைவு எழுதும் ஒருவர் இந்த இடத்தில் "கடவுளின் அருளால்" என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பார், அவருடைய வாசகர் ஆமென் என்றிருப்பார். அந்த வரியை டோல்கியன் எழுத முடியாது. அதற்குப் பதிலாக வேலையை எங்கே தொடங்குகிறார் தெரியுமா? பல ஆண்டுகளுக்கு முன்பே, கோல்லத்தைக் கொல்ல வாய்ப்பு இருந்தும் ஃப்ரோடோவின் உறவினன் பில்போ இரக்கப்பட்டு விட்டுவிடுகிறான். அவனைக் கொன்றிருக்க வேண்டும் என்று ஃப்ரோடோ சொல்லும்போது, அந்த இரக்கம் பலருடைய தலையெழுத்தை மாற்றலாம் என்று மந்திரவாதி கேண்டல்ஃப் எச்சரிக்கிறார். பிறகு ஃப்ரோடோவே அவனைக் கொல்லாமல் விடுகிறான். எரிமலைச் சரிவில் ஃப்ரோடோவின் தோழன் சாமும் வாளை ஓங்கிவிட்டு இறக்கிக்கொள்கிறான். ஆக, கோல்லம் அந்த விளிம்பில் நிற்பதற்கு மூன்று பேர் காட்டிய இரக்கம் காரணம். மனித உறுதி மட்டும் கடைசியில் போதாது, நீ மன்னித்தது உன்னைக் காப்பாற்றத் திரும்பி வரும் என்பது கிறிஸ்தவத்தின் மையப் பாடம். 'எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பதுபோல' என்ற, இயேசு கற்பித்த செபத்தின் வரியோடு டோல்கியனே இந்தக் காட்சியை இணைத்துப் பேசியிருக்கிறார். ஆனால் நாவலில் அது பாடமாக இல்லை, காரண காரியமாக இருக்கிறது. இரக்கத்தை உருவினால் கதை சரிந்துவிடும்.

மதக் கருத்து காரண காரியமாக மாறுவதைத்தான் இந்தக் கலையின் இயங்குமுறை என்கிறேன். மற்ற நுட்பங்கள் எல்லாம் இதற்குத் துணைதான்.

சின்னத் துணைகளிலும் அவர் கைத்திறன் தெரியும். தோழர்கள் பயணம் புறப்படும் நாள் டிசம்பர் 25. மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. கபிரியேல் தூதர் மரியாளுக்குச் செய்தி சொன்ன நாளாகத் திருச்சபை கொண்டாடும் நாள் அது. இங்கிலாந்தில் 1752இல் காலண்டரைத் திருத்தும் வரை சட்டப்படி புத்தாண்டு பிறந்ததும் அந்த நாளில்தான். நாவலிலும் இனி அந்த நாளே புத்தாண்டு என்று அறிவிக்கிறார்கள். தெரிந்தவர் புன்னகைப்பார். தெரியாதவருக்கு அது ஒரு தேதி, அவ்வளவுதான், அவருக்கு எந்த நட்டமும் இல்லை.

வழிபாடு போலத் தோன்றும் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அருவிக்குப் பின்னால் இருக்கும் மறைவிடத்தில் ஃபாராமிர் என்ற படைத்தலைவனின் வீரர்கள் சாப்பிட உட்காருவதற்கு முன் எழுந்து, மேற்கு நோக்கி ஒரு கணம் மௌனமாக நிற்கிறார்கள். மூழ்கிப்போன தங்கள் மூதாதையர் நாட்டையும், அதற்கும் அப்பால், என்றென்றும் இருக்கப்போகும் ஒன்றையும் நோக்கி நிற்கிறோம் என்கிறான் ஃபாராமிர். நீங்கள் இப்படிச் செய்வதில்லையா என்று கேட்கிறான். இல்லை என்ற ஃப்ரோடோவுக்குத் தான் பட்டிக்காட்டான்போலத் தோன்றுகிறது. கடவுளின் பெயர் இல்லை, மந்திரம் இல்லை, விளக்கமும் இரண்டு வரிதான். ஆனால் அந்தக் குகையில் நிற்கும் எந்த மதத்தவருக்கும் முதுகை நிமிர்த்தத் தோன்றும்.

## ஒரு சின்னப் பயிற்சி: பேதுருவும் சேவலும்

இனி நாமே ஒன்றைச் செய்துபார்ப்போம். சேவல் கூவுமுன் என்னை மூன்று தரம் மறுதலிப்பாய் என்று இயேசு சொல்கிறார், உயிர் போனாலும் மாட்டேன் என்கிறான் அவர் சீடன் பேதுரு. அன்றிரவு இயேசு கைதான பிறகு முற்றத்தில் குளிர்காயும்போது ஒரு வேலைக்காரப் பெண் அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். அவன் பேச்சு வழக்கே கலிலேயன் என்று காட்டிக்கொடுக்கிறது. தெரியாது, தெரியாது, தெரியாது என்கிறான். சேவல் கூவுகிறது. இயேசு திரும்பி அவனைப் பார்த்தார் என்று லூக்கா மட்டும் எழுதுகிறார். அவன் வெளியே போய் மனங்கசந்து அழுகிறான்.

பெயரை மட்டும் மாற்றுகிறவர் சேவலை நெருப்புப் பறவை ஆக்குவார், அது கூவும்போது வானம் பிளக்கும். அங்கேயே கதை செத்துவிடும். அந்தச் சேவல் அற்புதமே இல்லை. எல்லா நாளும் கூவும் சாதாரணச் சேவல். முன்பே சொல்லப்பட்ட ஒரு சொல்லால்தான் இன்று அந்தக் குரல் தாங்க முடியாததாகிறது.

ஆகவே ஒரு துறைமுக நகரம் வைத்துக்கொள்வோம். அந்த உலகத்தில் கிணறுகள் உயிருள்ளவை, ஒரு சங்கம் அவற்றை முத்திரை போட்டு மூடிவைத்திருக்கிறது. முத்திரையை உடைத்து ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடும் ஒரு பெண், அவளைப் பின்தொடரும் ஒரு மலைக்காரன். கோட்டைக் கதவு திறக்க விடியற்காலையில் ஒரு கொம்பு ஊதுவார்கள். இந்தக் கொம்பை முதல் பத்து அத்தியாயங்களில் நான்கைந்து முறை போகிற போக்கில் ஊதவிட வேண்டும். அது ஊதினால் கழுதைகள் சந்தைக்குக் கிளம்பும், ரொட்டிக் கடை பலகை திறக்கும், அவ்வளவுதான். மலைக்காரன் சொற்களின் கடைசி எழுத்தை விழுங்கிப் பேசுவதை, அவளே ஒரு நல்ல மாலையில் அவனைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்திருக்க வேண்டும். வாசகரும் கூடச் சிரித்திருக்க வேண்டும். அவள் எதற்காக நேசிக்கத்தக்கவள் என்பதற்கு நூறு பக்கமாவது செலவழிக்க வேண்டும், ஏனென்றால் முன்னன்பு இங்கே கிடையாது. அதன் பிறகு அவள் கைதாகும் இரவு வரலாம். கரிநெருப்பின் முன் ஒரு பணிப்பெண் அவன் விழுங்கிய எழுத்தைக் கேட்டு நிமிர்ந்து பார்க்கலாம். அவன் மறுக்கலாம். காவலர்கள் அவளை முற்றம் வழியாக இழுத்துப் போகும்போது அவள் திரும்பிப் பார்க்கலாம். கொம்பு ஊதும். கழுதைக்காரன் ஒருவன், வழியை விட்டு நகரப்பா என்று அவனை அதட்டிவிட்டுப் போவான்.

இதில் மாயம் எங்கே என்று கேட்பீர்கள். கிணறுகளில் இருக்கிறது, அந்த முற்றத்தில் இல்லை. மாயத்தால் சரிசெய்யக்கூடிய துரோகத்துக்கு எடை கிடையாது. மிகுபுனைவு எழுத வருகிறவர்கள் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான், உணர்ச்சியின் உச்சத்தில் கொண்டுபோய் அற்புதத்தைக் கொட்டிவிடுகிறார்கள்.

மூலக் கதையை ஊன்றிப் படித்தால் அதிலேயே கைவேலை ஒளிந்திருக்கும். யோவான் நற்செய்தியில் பேதுரு மறுதலித்த இரவில் எரிந்தது கரிநெருப்பு. உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் அவனை மறுபடி ஏற்றுக்கொள்ளும் காலையிலும் கரிநெருப்பு போட்டிருக்கிறது. அந்த இரண்டாவது நெருப்பை நம் துறைமுகக் கதைக்கு அப்படியே எடுத்துப்போகலாம், ஒரு பெயரும் தேவைப்படாது.

## இது ஏமாற்று வேலையா?

நியாயமான கேள்வி. லூயிஸ் 1938இல் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் ஒரு நாவல் எழுதினார். ஒவ்வொரு கோளுக்கும் ஒரு காவல் ஆவி, பூமியின் காவல் ஆவி மட்டும் கெட்டுப்போனது என்பது அதில் வரும் அமைப்பு. சாத்தானின் வீழ்ச்சியைத்தான் எழுதியிருந்தார். வந்த அறுபது போல விமர்சனங்களில் இரண்டு பேர் மட்டுமே அது ஆசிரியரின் சொந்தக் கற்பனை இல்லை என்று கண்டுகொண்டார்கள். கதை என்ற போர்வையில் எவ்வளவு இறையியலை வேண்டுமானாலும் கடத்திவிடலாம் போல என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். கடத்தல் என்ற அந்தச் சொல்லை வைத்து அவரைக் குற்றம் சாட்டுகிறவர்கள் இன்றும் உண்டு.

எனக்கு அந்தக் குற்றச்சாட்டு முழுவதும் ஒப்புதல் இல்லை. எல்லாக் கதையிலும் எழுதியவரின் நம்பிக்கை இருக்கும், இல்லாமல் எழுதவே முடியாது. ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் 1995இல் தொடங்கிய மூன்று பாகத் தொடர், ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியிட்ட 'இழந்த சொர்க்கம்' காவியத்தைத் தலைகீழாக்கித் திருச்சபை அதிகாரத்துக்கு எதிராக எழுதப்பட்டது. கருவிகள் அதே கருவிகள்தான். ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்றால், உலகத்தின் விதிகளை ஆசிரியர் தன் கட்சி ஜெயிப்பதற்காக வளைக்கும்போது. மாற்றுக் கருத்துள்ள பாத்திரம் எல்லாம் முட்டாளாகவோ கொடியவனாகவோ மட்டும் வரும்போது.

மறுபக்கத்திலிருந்தும் ஓர் அச்சம் வரும், இப்படி எழுதினால் பிள்ளைகள் நிஜத்தை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொள்வார்களே என்று. 1955இல் அமெரிக்கத் தாய் ஒருவர் லூயிஸுக்கு எழுதினார். ஒன்பது வயது மகன், இயேசுவைவிட அஸ்லானை அதிகம் நேசிக்கிறேனோ என்று கலங்குகிறான் என்று. அஸ்லான் செய்ததாக, சொன்னதாக அவன் நேசிப்பவை எல்லாம் இயேசு நிஜமாகச் செய்தவையும் சொன்னவையும்தான், ஆகவே அவன் அஸ்லானை நேசிப்பதாக நினைக்கும்போது இயேசுவைத்தான் நேசிக்கிறான் என்று லூயிஸ் அக்கறையாகப் பதில் எழுதினார். நம்பிக்கையுள்ள எழுத்தாளர்கள் தயங்கி நிற்கும்போது இந்தப் பதிலை நினைத்துக்கொள்ளலாம்.

## எழுதியதைச் சோதிப்பது

சொந்தச் சபையாரிடமோ பஜனைக் குழுவிடமோ கொடுத்தால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். அவர்கள் தங்கள் முன்னறிவைக் கொண்டுவந்து ஓட்டைகளை அடைத்துக்கொள்கிறார்கள். வேறு நம்பிக்கை உள்ள ஒருவரிடம், மூலம் எது என்று சொல்லாமல் கொடுங்கள். நல்ல வாசகராக இருக்க வேண்டும், உங்களைப் புண்படுத்தத் தயங்காதவராகவும் இருக்க வேண்டும்.

படித்து முடித்ததும் கதையின் கருத்து என்ன என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், யார் செத்தபோது கஷ்டமாக இருந்தது, எந்த இடத்தில் யாரோ பின்னால் நின்று தள்ளுவதுபோல இருந்தது என்று கேளுங்கள். நாயகன் ஏன் இவ்வளவு முக்கியம் என்று அவருக்குப் புரியாமல் போன பக்கம் ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே நீங்கள் இன்னும் பழைய வாசகரை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் எதையும் சேர்க்காதீர்கள். அதற்கு முந்தைய ஐம்பது பக்கத்துக்குப் போய், அந்த மனிதன் யாருக்காவது தண்ணீர் மொண்டு கொடுக்கும் காட்சி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுதுங்கள்.